ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் முதல் வாய்க்கால்கள் யாருடையவை?

கேள்வி இது: "கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் விவசாயிகளின் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பறித்துக்கொண்டதாகப் படித்தேன். அந்த விவசாயிகள் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன ஆனார்கள்?"

நல்ல கேள்வி. அந்தத் தண்ணீர்ச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கதையை 1905-இல் தொடங்குகிறார்கள். ஏமாந்த விவசாயிகள் ஒரு பக்கம், பேராசை பிடித்த நகரம் மறுபக்கம். இது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதைதான். அந்த விவசாயிகள் நீர் பாய்ச்சிய வாய்க்கால்களில் பல, அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பாயூட் மக்கள் வெட்டியவை. இந்த மண்ணில் தண்ணீர் இரண்டு முறை பறிபோயிருக்கிறது. முதல் முறை யாரிடமிருந்து பறிபோனதோ, அவர்களின் வழக்கு இன்றுவரை முடியவில்லை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர், அதில் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம். கிழக்கே வொயிட், இன்யோ மலைகள். அங்கும் 4,300 மீட்டரைத் தாண்டும் சிகரம் உண்டு. நடுவில் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், 120 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் சியராவின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மலையின் இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. ஆனால் மலை உச்சியில் விழும் பனி கோடையில் உருகி, ஓடை ஓடையாகக் கீழே இறங்குகிறது. ஓடைகள் எல்லாம் ஓவன்ஸ் ஆற்றில் சேரும். ஆறு கடலுக்குப் போகாமல் தெற்கே ஓவன்ஸ் ஏரியில் முடிந்தது. வெளியேற வழியில்லாத, உவர்ப்பான, 280 சதுர கிலோமீட்டர் அளவு விரிந்த ஏரி அது. வானம் தராத தண்ணீரை மலை தருகிற ஊர் என்று சொல்லலாம். அங்கே வாழ்வது என்றால் அந்த ஓடைகளைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்.

பாயூட் மக்களுக்கு அது தெரிந்திருந்தது. அவர்கள் தங்களை நூமூ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளத்தாக்கின் பெயர் பாயஹூநாடூ, தண்ணீர் ஓடும் இடம். தெற்கே லோன் பைன் பக்கம் ஷோஷோனி மக்களும் கலந்து வாழ்ந்தார்கள். இன்று நாம் சொல்லும் ஓவன்ஸ் என்ற பெயர், 1845-இல் ஜான் ஃப்ரிமான்ட் தன் பயணக் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஓவன்ஸ் என்பவரின் நினைவாக வைத்தது. அந்த ஓவன்ஸ் இந்தப் பள்ளத்தாக்கில் காலே வைத்ததில்லை.

பாயூட் மக்களின் பாசனத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பொதுவாக எல்லோரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். இன்று பிஷப் என்ற ஊர் இருக்கும் இடத்தில், பிஷப் ஓடையின் குறுக்கே ஒவ்வொரு வசந்த காலத்திலும் கல், குச்சி, தழை, சேறு கொண்டு ஒரு தடுப்பணை கட்டினார்கள். கட்டும் வேலைக்கு இருபது, இருபத்தைந்து ஆண்கள் சேருவார்கள். அதன் பிறகு நீர் பாய்ச்சும் பொறுப்பு முழுக்க ஒரே ஆளுடையது. அவரை ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும். நீளமான ஒரு கம்பை வைத்துக்கொண்டு, எங்கே மடை திறக்க வேண்டும், எங்கே அடைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீரைத் திருப்புவார். ஓடைக்கு வடக்கே ஒரு பரப்பு, தெற்கே ஒரு பரப்பு, இரண்டும் சில மைல் நீளமுள்ளவை. ஓர் ஆண்டு வடக்கே பாய்ச்சினால் அடுத்த ஆண்டு தெற்கே. ஓய்வில் கிடக்கும் பரப்பில் செடிகள் தாமாக விதை உதிர்த்து மறுபடி முளைக்கும்.

அவர்கள் உழவில்லை, விதைக்கவும் இல்லை. தானாக வளரும் புல் விதைகள், கோரைக்கிழங்கு வகைகள், நீலப் பூ பூக்கும் ஒரு காட்டுச் செடியின் கிழங்கு ஆகியவற்றுக்குத் தண்ணீர் காட்டினார்கள், அவை செழித்தன. அறுவடைக் காலம் வந்ததும் அணையை உடைத்துத் தண்ணீரை மறுபடி ஓடைக்கே விட்டுவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது தங்கிய மீனைப் பிடித்துக்கொள்வார்கள். 1920-களின் இறுதியில் மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட் முதியவர்களிடம் கேட்டு இந்த முறையைப் பதிவு செய்தார். இதை ஸ்பானியர்களிடம் கற்றிருக்கலாம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இது இங்கேயே உருவானது என்று வாதிட்டார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தெரிகிறது. உழுது விதைக்கும் ஸ்பானிய விவசாயத்தைப் பார்த்துக் கற்றவர்கள் பாசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விதைப்பை விட்டுவிடுவார்களா? நிலத்தை ஆண்டு விட்டு ஆண்டு மாற்றுவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, மீன் பிடிப்பது எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய ஒரு முழு ஏற்பாடு. பார்த்துக் காப்பியடித்தது போல் அது இல்லை.

பாசனம் மட்டும் இல்லை. இலையுதிர் காலத்தில் குடும்பம் குடும்பமாகக் கிழக்கு மலைகளில் ஏறிப் பின்யான் பைன் கொட்டைகள் சேகரிப்பார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் குளிர்காலம் முழுக்க அதுவே சாப்பாடு. உவர் ஏரியின் கரையில் ஒதுங்கும் ஒருவகை ஈயின் கூட்டுப்புழுக்களைச் சாப்பாட்டுக்காக உலர்த்தி வைப்பார்கள். ஜெஃப்ரி பைன் மரங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும் பெரிய கம்பளிப்புழுக்களுக்காக மரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, இறங்கி வந்து விழுவதைச் சுடுமணலில் வறுத்தெடுப்பார்கள். எரிமலைக் கண்ணாடிக் கற்களைச் சியராவைக் கடந்து மேற்கே கொண்டுபோய் ஓக் கொட்டைக்கு மாற்றினார்கள். எந்த ஊருக்கு எந்த வேட்டைக் காடு, எந்த விதை நிலம் என்பதற்கெல்லாம் எல்லை இருந்தது. ஆளில்லாத புறம்போக்கு என்று பிறகு வந்தவர்கள் நினைத்துக்கொண்ட இடத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் உரியவர் இருந்தார்.

வெளியாட்கள் இதைப் பார்க்காமல் இல்லை. 1859-இல் குதிரைத் திருட்டை விசாரிக்கத் தேஹோன் கோட்டையிலிருந்து கேப்டன் டேவிட்சன் படையோடு வந்தார். திருடர்கள் இவர்கள் இல்லை, இவர்கள் அமைதியான, உழைப்பாளி மக்கள் என்று அறிக்கை கொடுத்தார். மைல் கணக்கில் நீண்ட பாசன வாய்க்கால்களைப் பற்றியும் எழுதினார். இந்த இடத்தை அவர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரையும் செய்தார். அதாவது, அமெரிக்க ராணுவத்தின் கோப்பிலேயே இந்த வாய்க்கால்கள் பதிவாகிவிட்டன. பின்னால் நீதிமன்றத்திலும் நிலப் பதிவு அலுவலகத்திலும் "முதலில் பயன்படுத்தியவர் யார்" என்ற கேள்வி வந்தபோது இந்தக் கோப்பை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்க முடியாத இடம் இதுதான்.

இரண்டே ஆண்டில் எல்லாம் தலைகீழானது. வடக்கே அரோரா என்ற இடத்தில் சுரங்கங்கள் தோன்றின. சுரங்கத் தொழிலாளர்களுக்கு இறைச்சி வேண்டும். 1861-இல் சாமுவேல் பிஷப் உட்பட மாட்டு மந்தைக்காரர்கள் பள்ளத்தாக்குக்குள் வந்தார்கள். எங்கே புல் பச்சையாக இருந்ததோ அங்கே மாடுகளை விட்டார்கள். அது பாயூட் மக்கள் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த விதை நிலம். 1861-62 குளிர்காலம் கடுமையானது. விதையும் இல்லை, வேட்டையும் இல்லை. பசித்தவர்கள் மாட்டை அடித்துத் தின்றார்கள். மந்தைக்காரர்கள் சுட்டார்கள். 1862 ஜனவரியில் ஒரு சமாதான ஒப்பந்தம் ஆகி, சில வாரங்களிலேயே முறிந்தது. ஏப்ரலில் பிஷப் ஓடைப் பக்கம் நடந்த சண்டையில் பாயூட் படை வென்றது. ஜூலை 4 அன்று ராணுவம் இண்டிபெண்டன்ஸ் முகாமை அமைத்தது.

அதன் பிறகு ராணுவம் ஆட்களைத் தேடிப்போய்ச் சுடுவதோடு நிற்கவில்லை. குளிர்காலத்துக்கு என்று சேமித்து வைத்த விதை, கொட்டை, எல்லாவற்றையும் தேடி எரித்தது. அதுதான் அவர்களைப் பணிய வைத்தது. 1863 கோடையில் கேப்டன் ஜார்ஜ் என்று அழைக்கப்பட்ட தலைவர் முகாமுக்கு வந்து சரணடைந்தார். அவரைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஜூலையில் 900-க்கும் மேற்பட்டவர்களை ராணுவக் காவலோடு, பாலைவன வெயிலில், 250 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே தேஹோன் கோட்டைக்கு நடக்க வைத்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 850 பேர். வழியில் இறந்தவர்கள் உண்டு, தப்பியவர்களும் உண்டு. போன இடத்தில் அவர்களுக்கு உணவுக்கோ இருப்பிடத்துக்கோ சரியான ஏற்பாடு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே அந்தக் கோட்டையை ராணுவம் கைவிட்டது.

வடக்கே ஜோக்கின் ஜிம் என்ற தலைவர் கடைசிவரை சரணடையவே இல்லை. 1865 ஜனவரியில், ஒரு குடியேற்றக் குடும்பத்தின் தாயும் மகனும் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, வெள்ளையர் கூட்டம் ஒன்று ஏரிக்கரை முகாமைத் தாக்கியது. ஏரிக்குள் ஓடியவர்களையும் விடவில்லை. பெண்கள், குழந்தைகள் உட்பட 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரி, மிச்சமிருந்தவர்கள்? நடந்தே திரும்பி வந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பள்ளத்தாக்கு மறுபடி பாயூட் மக்களால் நிறைந்தது. ஆனால் நிலம் கைமாறியிருந்தது. ஓடையோரங்களில் பண்ணைகள், பண்ணைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவை பழைய வாய்க்கால்கள், சிலவற்றை ஆழப்படுத்தி அகலப்படுத்தியிருந்தார்கள். வாய்க்கால் வெட்டியவர்களின் பிள்ளைகள் அதே வாய்க்காலில் கூலிக்கு மடை திருப்பினார்கள், வைக்கோல் கட்டினார்கள். பெண்கள் தானியம் புடைத்தார்கள், துணி வெளுத்தார்கள். பண்ணைகளின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

சட்டம் இதை எப்படி அனுமதித்தது என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க மேற்கில் தண்ணீர் உரிமைக்கு ஒரு முக்கியமான விதி: யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயனுள்ள வேலைக்குப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை. நம் ஊரில் அனுபவ பாத்தியதை என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நெருங்கியது. இந்த விதியை நேர்மையாகப் பொருத்தியிருந்தால் பிஷப் ஓடையின் முதல் உரிமை யாருக்கு என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. ஆனால் அரசு நிலத்தைப் பட்டா வாங்க அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகப் போவதாக அறிவித்திருக்க வேண்டும். பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான். அதற்குள் எழுதவேண்டிய பெயர்களெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன.

இனி நீங்கள் படித்த கதை. வேகமாகவே சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் 1904, 1905-இல் பள்ளத்தாக்கில் நிலமும் நீர் உரிமையும் வாங்கினார். மத்திய அரசின் பாசனத் துறையில் இருந்த ஜோசப் லிப்பின்காட் அதே நேரத்தில் நகரத்துக்கும் உதவினார். வில்லியம் முல்ஹாலண்ட் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயைக் கட்டி முடித்தார். முழுக்கப் புவியீர்ப்பிலேயே தண்ணீர் ஓடும். 1913 நவம்பர் 5 அன்று திறப்பு விழா. 1920-களில் நகரம் மீதி நிலத்தையும் வாங்கத் தொடங்கியது. 1924-இல் விவசாயிகள் கால்வாயை வெடி வைத்துத் தகர்த்தார்கள், அலபாமா மதகைக் கைப்பற்றித் தண்ணீரைப் பழைய ஆற்றுக்கே திருப்பினார்கள். 1927-இல் உள்ளூர் வங்கிகள் திவாலானதோடு எதிர்ப்பு ஒடுங்கியது. 1930-களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் மிகப் பெரும்பகுதி நகரத்தின் கையில். இவை உண்மையான துயரங்கள்; அந்த விவசாயக் குடும்பங்களுக்கு நடந்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு விலையாவது கிடைத்தது.

பண்ணைகள் மூடியபோது கூலி வேலையும் போனது. இப்போது பாயூட் மக்களுக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. நகரத்தின் நீர்த்துறை இவர்களைப் பற்றி அறிக்கை தயாரித்து, வேறெங்காவது அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தது. மத்திய அரசு 1912-இல் இவர்களுக்காக ஒதுக்கி வைத்த ஏறத்தாழ 67,000 ஏக்கர் நிலம் இருந்தது; 1932-இல் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்து, நகரத்தின் நீர்ப்பிடிப்பைப் பாதுகாக்கும் நிலமாக மாற்றினார்கள்.

அப்புறம்தான் 1937 வந்தது. இன்றைய சிக்கலின் வேர் இங்கே இருப்பதால் கவனமாகப் பாருங்கள். அந்த ஆண்டு நாடாளுமன்றம் ஒரு நிலப் பரிமாற்றச் சட்டம் இயற்றியது. பூர்வகுடிகளின் பெயரில் மத்திய அரசு வைத்திருந்த ஏறத்தாழ 2,900 ஏக்கர் நகரத்துக்குப் போகும். பதிலுக்கு நகரம் 1,391 ஏக்கர் கொடுக்கும். அதில் பிஷப்பில் 875, பிக் பைனில் 279, லோன் பைனில் 237 ஏக்கர். கொடுத்ததில் பாதிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்தது வீடு கட்டவும் பயிர் செய்யவும் ஏற்ற நிலம் என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். ஆனால் நிலம் கைமாறியபோது தண்ணீர் உரிமை கைமாறவில்லை. நகரத்தின் நீர் உரிமையை விட்டுக்கொடுக்க வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்று நகரச் சாசனத்தில் இருக்கிறது. அதைக் காட்டி, "இப்போதைக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு இவ்வளவு தண்ணீர் தருகிறோம், உரிமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று வைத்துவிட்டார்கள். அந்த "பிறகு" இன்னும் வரவில்லை.

இங்கே இன்னொரு சட்ட நுணுக்கமும் உண்டு. 1908-இல் வின்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளுக்கென நிலம் ஒதுக்கினால் அந்த நிலத்தில் வாழத் தேவையான தண்ணீரும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டதாகப் பொருள் என்று தீர்ப்பளித்தது. பள்ளத்தாக்கின் பூர்வகுடி அமைப்புகள் இந்தத் தீர்ப்பின் அடிப்படையில்தான் தங்கள் உரிமையைக் கோருகின்றன. பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு நீர் ஆணையம் வைத்துப் பேச்சுவார்த்தை நடத்திவருகின்றன. இண்டிபெண்டன்ஸ் கோட்டைச் சமூகம் மட்டும் 1937 பரிமாற்றத்தில் சேரவில்லை. அவர்களுக்கு 1915, 1916-இல் தனியாக ஒதுக்கிய நிலம் இருந்தது.

இதற்கிடையில் 1926 வாக்கிலேயே ஓவன்ஸ் ஏரி காய்ந்துவிட்டது. பாயூட் மொழியில் அதன் பெயர் பாட்சியாட்டா. காய்ந்த ஏரிப்படுகையிலிருந்து காற்று கிளப்பிய உப்புப் புழுதியில் ஆர்சனிக் போன்ற நஞ்சுகளும் இருந்தன. அமெரிக்காவிலேயே மிக மோசமான நுண்புழுதி மூலமாக அது பல பத்தாண்டுகள் இருந்தது. லோன் பைன் மக்கள் அதைத்தான் சுவாசித்தார்கள். 2000 வாக்கில் தொடங்கி நகரம் புழுதியை அடக்க 200 கோடி டாலருக்கும் மேல் செலவழித்திருக்கிறது: சில இடங்களில் தண்ணீர் தேக்கியும், சில இடங்களில் சரளைக்கல் பரப்பியும். 1970-இல் இரண்டாவது கால்வாய் வந்தபோது நிலத்தடி நீரையும் உறிஞ்சத் தொடங்கினார்கள்; ஊற்றுகள் வற்றின. மாவட்ட நிர்வாகம் வழக்குப் போட்டு 1991-இல் நகரத்தோடு ஒரு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தத்திலும் பூர்வகுடிகள் ஒரு தரப்பாக இல்லை. 2006 டிசம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு, மறுபடி தண்ணீர் விட்டார்கள். அது நல்ல செய்திதான்.

இந்த மண்ணில் வேறொரு இடப்பெயர்ப்பும் நடந்தது. 1942-இல் ஜப்பானிய அமெரிக்கர்கள் 10,000 பேரை அடைத்து வைத்த மன்ஸனார் முகாம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. பாயூட் ஊர் இருந்த இடத்தில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் வந்தார்கள், அவர்களிடமிருந்து நகரம் வாங்கியது, நகரத்திடமிருந்து ராணுவம் எடுத்துக்கொண்டது.

"என்ன ஆனார்கள்" என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் எங்கும் போகவில்லை. பிஷப் பாயூட் சமூகத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தங்கள் தேர்தல், தங்கள் நிர்வாகம், தங்கள் சுற்றுச்சூழல் அலுவலகம் என்று நடத்துகிறார்கள். பிஷப்பைச் சேர்ந்த ஹாரி வில்லியம்ஸ் என்ற பெரியவர், பழைய வாய்க்கால்களின் தடங்களைப் புதருக்குள் தேடி நடந்து, ஆய்வாளர்களோடு சேர்ந்து வரைபடத்தில் ஏற்றினார். ஆர்வத்துக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது. "முதலில் பயன்படுத்தியவர் யார்" என்ற கேள்விக்கு நிலத்திலேயே இருக்கும் சாட்சியம் அந்தத் தடங்கள். அவர் 2021-இல் காலமானார். ஏரியையும் அதன் கரையையும் வரலாற்று இடமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சமூகங்கள் சேர்ந்து முன்வைத்திருக்கின்றன.

நீங்கள் அந்தப் பக்கம் போக வாய்த்தால், 395 நெடுஞ்சாலையில் போகிற பலரையும் போல விட்னி சிகரத்தைப் படம் எடுத்துக்கொண்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். பிஷப்பில் பாயூட் ஷோஷோனி மக்களே நடத்தும் பண்பாட்டு மையம் இருக்கிறது. இண்டிபெண்டன்ஸ் ஊரில் உள்ள மாவட்ட அருங்காட்சியகத்தில் அவர்கள் பின்னிய கூடைகளின் நல்ல தொகுப்பு உண்டு. பண்பாட்டு மையத்துக்கு முதலில் போங்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், விவரமாகச் சொல்வார்கள்.